சிகாகோவில் இடத்துக்கா பஞ்சம்?

கேள்வி: சிகாகோவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளிதான். அங்கே போய் வானளாவிய கட்டடம் எதற்கு? வெறும் பணத்திமிர்தானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: திமிருக்குக் குறைவில்லைதான். ஆனால் ஆபீஸ் கட்டுகிறவர் முதலில் வாடகையைப் பார்க்கிறார். சமவெளி ஊருக்கு வெளியே கிடந்து என்ன பயன்? தானிய வியாபாரி, வங்கிக்காரர், வக்கீல் எல்லாரும் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த வியாபாரப் பகுதிக்குக் கிழக்கே ஏரி, வடக்கிலும் மேற்கிலும் ஆறு, தெற்கே ரயில் தண்டவாளங்கள். மனை விலை ஏறாமல் என்ன செய்யும்?

உயரக் கட்ட இரண்டு தடைகள். முதலாவது மனிதனின் கால். ஐந்து மாடிக்கு மேல் ஏறிவர யாரும் வாடகை தரமாட்டார்கள். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்ற கண்டுபிடிப்பாளர், கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது என்று காட்ட, லிஃப்ட் மேடையில் நின்றபடி கயிற்றை வெட்டச் சொன்னார். மேடைக்கு மேலே வண்டிகளில் போடும் பட்டை வில் ஒன்று; கயிற்றின் இழுவை இருக்கும்வரை அது வளைந்து நிற்கும். கயிறு அறுந்ததும் நிமிர்ந்து, அதன் முனைகள் பக்கவாட்டுச் சட்டங்களின் பற்களில் மாட்டிக்கொள்ளும். மேடை நின்றது. பிறகு மெல்ல மெல்ல மேல்மாடிக்கு மவுசு வந்தது.

இரண்டாவது தடை சுவர். முதல் மாடிக்கு 12 அங்குலம், அதற்கு மேல் மாடிக்கு 4 அங்குலம் வீதம் அடிச்சுவரைத் தடிக்கவைப்பது அன்றைய கணக்கு. 16 மாடிக்குப் போட்டுப் பாருங்கள்: 72 அங்குலம், ஆறடி! சிகாகோவில் 1891-ல் முடிந்த மொனட்நாக் என்ற ஆபீஸ் கட்டடத்தின் வடபாதியில் அந்த ஆறடிச் சுவரை இன்றும் பார்க்கலாம். நல்ல வாடகை தரவேண்டிய தரைத்தளத்தைச் செங்கல்லே தின்றுவிட்டது. போதாக்குறைக்குக் கீழே இளகிய களிமண். 8 அங்குலம் இறங்கும் என்று முன்கூட்டியே விட்டுக் கட்டினார்கள். போகப்போக 20 அங்குலம்வரை இறங்கிவிட்டது.

இரண்டே வருடத்தில், 1893-ல், அதன் தென்பாதி எழுந்தது, எஃகுச் சட்டத்தில். பாரத்தைத் தூணும் உத்திரமும் தாங்க, சுவர் வெறும் போர்வையாயிற்று; மெலிந்தது, ஜன்னல் அகன்றது. இந்த முறைக்கு முன்னோடி 1885-ல் சிகாகோவில் ஜென்னி என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம். (அதுதான் 'முதல்' என்பதில் இன்னும் சண்டை உண்டு, சில சுவர்கள் பாரம் சுமந்தனவே!) இரும்பை வெறுமனே விடவும் முடியாது. தீயில் சூடேறினால் வளைந்துவிடும். 1871 பெருந்தீயில் சிகாகோ அதைக் கண்ணால் கண்டது. அதனால் தூண்களைச் சுட்ட களிமண் கட்டிகளால் மூடினார்கள்.

சுவர் போயிற்று, அடுத்து இடத்தைத் தின்ன வந்தது லிஃப்டே. மாடி கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் லிஃப்ட் கூடும். மேலே போகும் ஒவ்வொரு லிஃப்டின் குழியும் கீழ்மாடிகள் அத்தனையையும் துளைத்துக்கொண்டுதான் போகவேண்டும். அதனால்தான் நியூயார்க்கின் 110 மாடி உலக வர்த்தக மையத்தில் 44, 78-ஆம் மாடிகளில் ஆட்களை இறக்கி வேறு லிஃப்டுக்கு மாற்றினார்கள்; அப்படிச் செய்தால் ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல லிஃப்டுகள் ஓடலாம், இடம் மிச்சம்.