பெர்லில் சோறு தின்றவன் சொல்வது

“பெர்ல், ஆக் மாதிரி உரையைக் கையாளும் பழைய நிரல் மொழிகள் செத்துவிட்டனவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த வேலையில் பழைய பெர்ல் கோப்பு ஒன்றை யாரோ உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேறு எதற்கு இந்தச் சந்தேகம் வரப்போகிறது?

நான் ஒன்பது வருடம் பெர்லில் சோறு தின்றவன். வெளிநாட்டு ஆய்விதழ்களை எக்ஸ்எம்எல், அதாவது எது எது என்ன என்று குறியிட்ட கோப்பு, ஆக்கித் தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை. கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாவற்றுக்கும் டேக் எனும் அந்தக் குறியைப் போட வேண்டும். கையால் போட்டால் அரை நாள். பெர்லில் நாற்பது வரி ரெஜெக்ஸ், அதாவது எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடிப் பிடிக்கும் குறியீடு, எழுதி ஓடவிட்டால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும்.

ஒருமுறை பக்க எண்களுக்கு நடுவே உள்ள ஹைஃபனை, சற்று நீளமான ‘என்-டாஷ்’ கோடாக மாற்றச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் இலக்கம் இருந்தால் மாற்று என்று ஒரே வரி எழுதினேன். 123-130 அழகாக மாறியது. கூடவே டிஓஐ எனும் கட்டுரையின் நிரந்தர இணைய முகவரிக்குள் இருந்த 978-3 என்பதும் மாறிவிட்டது. பார்த்தால் தெரியாது, சொடுக்கினால் திறக்காது. ஒரு இதழ் முழுக்க இணைப்புகள் காலி. ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து திருத்தினேன். அதற்கு மாற்று விடுப்பு இன்றுவரை தரவில்லை. தப்பு என்னுடையதுதான், சரி; மற்ற ஞாயிறுகளுக்கும்தான் தரவில்லையே! இவ்வளவுக்கும் சொந்தக்காரர்கள் “ஓ, டிடிபி வேலையா?” என்றுதான் கேட்பார்கள்.

“பைத்தான் மொழியிலும் இதே தப்பு வருமே” என்று யாராவது கிளம்புவீர்கள். வரும்தான். பைத்தானின் ரெஜெக்ஸ் நடையே பெர்லைப் பார்த்து எழுதியது. 1987-ல் லாரி வால் வெளியிட்ட பெர்லும் ஆக், செட் என்ற இரண்டு பழைய உரைக் கருவிகளிடமும் தாராளமாக வாங்கிக்கொண்டதுதான். 1962-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஸ்னோபால் மொழி அப்போதே இந்த வடிவப் பொருத்தத்தைச் செய்தது. இன்று அதன் பெயரைச் சொன்னால் ஐஸ்கிரீமா என்பார்கள்.

பெர்ல் சறுக்கியதற்கு, என்னைக் கேட்டால், ஆறாம் பதிப்புதான் காரணம். 2000-ல் அறிவித்தார்கள், 2015 கடைசியில் வந்தது. காத்திருந்தவர்கள் பைத்தானுக்குப் போய்விட்டார்கள். 2019-ல் அந்த ஆறாம் பதிப்பின் பெயரை ராக்கு என்று மாற்றினார்கள். நாங்கள் ராகு என்றே சொல்வோம், பிடித்தது கிரகணம்தானே. ஆனால் பெர்ல் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் பெர்லின் அடிப்படைப் பொதி இன்னும் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் கோப்பை உடனே பைத்தானில் மாற்றி எழுதாதீர்கள். முதலில் அது இதுவரை தந்த விடைகளைச் சேர்த்து வைத்து, புதிதாக எழுதுவதும் அதையே தருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

போன வருடம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். என் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறதாம். “212-ஆவது வரி என்ன செய்யுது அண்ணா?” என்று அனுப்பினான். பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். கமெண்டும் இல்லை, எனக்கும் புரியவில்லை. சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.