துடைத்தால் போதுமா?

கேள்வி: பற்காரை எடுக்கப் போனேன். பல் சுகாதாரப் பணியாளர் கருவியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு வாய்க்குள் வைத்தார். இது சரியா? கேட்டால் கோபிப்பாரோ?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், பதில் சொல்வது அவர் கடமை. ஈறில் பட்டு ரத்தம் ஒட்டும் கருவிக்குத் துடைப்பு போதாது. கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, சாதாரண ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கலம்) 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் அதன் அடியில் நீராவி எட்டாது. உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஈர உறை கணக்கில் சேராது. நனைந்த காகிதம் வழியே கிருமி உள்ளே இறங்கிவிடும். உறையில் உள்ள அடையாளம் நிறம் மாறியிருப்பது (பலரும் ஏமாறும் இடம்) சூடு பட்டதற்குத்தான் சாட்சி, கிருமி செத்ததற்கு அல்ல. அதற்கு வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை உண்டு: சூட்டை எளிதில் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பார்கள். டாக்டர் அவசரப்படுத்தினார் என்று பணியாளர் சொன்னால், அதெல்லாம் வெறும் சாக்கு.