மாடிப்படியும் வார்டன் அறையும்

அன்புள்ள அம்மா,

என் மகள் அமெரிக்காவில், மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வருடம் ஒரு சொராரிட்டியில், அதாவது மாணவிகள் மட்டும் சேரும் சங்கத்தில், சேர்ந்துவிட்டாள். அடுத்த வருடம் அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டுமாம். போன மாதம் போய்ப் பார்த்தோம். 1920-களில் கட்டிய வீடு. வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு வெள்ளைத் தூண்கள், உள்ளே சரவிளக்கு, பியானோ, வளைந்து இறங்கும் மாடிப்படி. மேல்தளத்துக்குப் போனால் ஒரே கூடத்தில் 40 பெண்களுக்கு அடுக்குக் கட்டில்கள்! குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்தே வைப்பார்களாம். கல்யாண மண்டபத்தில் பெண்வீட்டார் படுத்துக்கொள்வது மாதிரி இருந்தது. கீழே அரண்மனை, மேலே கொட்டகை. இது என்ன கட்டடக்கலை? ஒரே வீட்டில் ஆறு பெண்களுக்கு மேல் இருந்தால் அது விபச்சார விடுதி என்று அங்கே சில ஊர்களில் சட்டம் இருக்கிறதாம், என் கணவரின் நண்பர் சொல்கிறார். அவளை அனுப்பலாமா, வேண்டாமா?

ம.

அன்புள்ள ம.,

நான் படித்த காலத்து விடுதியை இடிக்கிறார்கள் என்று சென்ற வாரம் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தாள். பார்வையாளர் அறையின் பெஞ்சு வெளியே மண்ணில் கிடந்தது. இரண்டு நாளாக அந்தப் பெஞ்சு மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் ‘அனுப்பலாமா, வேண்டாமா’ கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

முதலில் அந்த நண்பர். அவர் சொல்வது அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றும் கட்டுக்கதை. உறவில்லாதவர்கள் எத்தனை பேர் ஒரு வீட்டில் தங்கலாம் என்று சில நகரங்களில் விதி உண்டு. அது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். நாலு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் ஆண்களுக்கு உடனே அந்த ஒரு தொழில்தான் ஞாபகம் வருகிறது. அதை நீங்களும் எனக்கு எழுதி அனுப்புகிறீர்கள்.

தூண்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 1920-களில் கட்டிய வீட்டுக்கு நூறு வயது கூட்டிக் காட்டுகிற வேலை அது. தெற்கு மாநிலங்களில் அதே தூண்கள் பருத்தித் தோட்ட முதலாளிகளின் மாளிகையை நினைவூட்டுவதற்காகவே நிற்கின்றன, அதை மட்டும் மறக்காதீர்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காமல் ஒதுக்கியது மாணவர் பத்திரிகையில் வெளிவந்து நாறியது 2013-இல். 1913 இல்லை, 2013.

கொட்டகைக்கு வருகிறேன். அதற்குப் பெயர் ஸ்லீப்பிங் போர்ச். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் குளிர்ந்த சுத்தமான காற்றில் தூங்கினால் நெஞ்சு பலப்படும் என்று நம்பினார்கள். ஜன்னல் திறந்திருப்பது அதனால்தான். கீழே மேஜையும் அலமாரியும் உள்ள அறைகளைப் பார்த்தீர்களே, அங்கே இரண்டு பேர் இரவு மூன்று மணிவரை விளக்கைப் போட்டுப் படிக்கலாம், அழலாம், சண்டை போடலாம். மேலே தூங்குகிறவளுக்கு ஒரு சத்தம் கேட்காது. சில வீடுகளில் மேலே அலாரம்கூட வைக்கக் கூடாது. யாரை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கதவில் பட்டியல் இருக்கும், முறை வைத்து ஒருத்தி போய்த் தோளைத் தட்டுவாள். இதில் என்ன கேவலத்தைக் கண்டீர்கள்? எட்டுக்குப் பத்து அறையில் நாங்கள் நாலு பேர், ஒருத்திக்குப் பரீட்சை என்றால் மற்ற மூவரும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தோம்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. அந்த வீடு யாருடையது என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சரவிளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1872-இல் பத்து மாணவிகள் சேர்ந்து ஆல்ஃபா ஃபை என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சொராரிட்டி என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. பெண்களின் சங்கத்தையும் ‘ஃப்ரெட்டர்னிட்டி’, அதாவது சகோதரர் சங்கம், என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருடம் கழித்து அதே ஊரில் ஒரு லத்தீன் பேராசிரியர்தான் காமா ஃபை பீட்டா என்ற இன்னொரு சங்கத்துப் பெண்களுக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார். 1886-இல் ஆல்ஃபா ஃபை அந்த ஊரில் சொந்தமாக ஒரு வீடு கட்டியது. பெண்கள் சங்கம் ஒன்று தனக்கென்று கட்டிக்கொண்ட முதல் வீடு அது. நியூயார்க் மாநிலத்தில் பெண்கள் ஓட்டுப் போட 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டு வருவதற்கு 31 வருடம் முன்னால் வீடு வந்துவிட்டது!

இன்றைக்கும் இப்படிப்பட்ட பல வீடுகளின் உரிமை, படித்து முடித்த பழைய மாணவிகள் நடத்தும் கழகங்களிடம் இருக்கிறது. வாசலை ஒட்டிய அறையில் ஓர் அம்மாள் இருந்திருப்பாரே, ஹவுஸ் மதர், அவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தப் பெண்கள். அவரும் ஒரு காலத்தில் இரவு நேரக் கணக்குப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்தான், நான் மறுக்கவில்லை. 1960-கள் வரை அங்கேயும் ஊரடங்குதான். இருந்தாலும் சம்பளம் கொடுப்பது யார்? இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்பேன், அலுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன், கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் படித்தபோது காப்பா ஆல்ஃபா தீட்டா சங்கத்தில் இருந்தவர். பாரிஸில் எகோல் தெ போஸார் என்ற கலைப்பள்ளியில் கட்டடக்கலை படிக்கச் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண். 1904-இல் கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக் கலைஞர். தன் சங்கத்துக்கே பெர்க்லியில் வீடு வரைந்து கொடுத்தார். பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டுக்கு மலைமேல் அரண்மனை கட்டியவரும் இவர்தான், ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு வேலை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில், தோழிகளை அழைத்துச் சமைத்துச் சாப்பிடச் சின்னச் சமையலறைகளும் தனிச் சாப்பாட்டு அறைகளும் வைத்தார். குறைந்த கூலிக்காரப் பெண்களுக்கு ஏன் இந்தச் செல்லம் என்று நிர்வாகக் குழு கேட்டது. அதனால்தான் என்றாராம் மார்கன்.

எங்கள் விடுதியை வரைந்தவருக்கு அப்படி ஒரு எண்ணம் தோன்றவில்லை. மாடிப்படி நேராக வார்டன் அறைக்குள் இறங்கும். வேறு வழி கிடையாது. வார்டனின் நாற்காலியிலிருந்து படி, கேட், பார்வையாளர் பெஞ்சு மூன்றும் தெரியும். அந்த மூன்றும் தெரிய வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறார்கள்.

முதல் வருடம் எனக்குக் காய்ச்சல் என்று கார்டு போட்டேன். அப்பா ஊரிலிருந்து கிளம்பினார். வழியில் பஸ் பிரேக்டவுன். ஆறு மணியோடு பார்வையாளர் நேரம் முடியும், அவர் வந்தபோது ஆறு பத்து. முதல் மாடி வராந்தாவில் நான் நிற்கிறேன், கீழே கேட்டுக்கு வெளியே அப்பா. மஞ்சள் பை, அதற்குள் முறுக்கு டின் முட்டிக்கொண்டிருந்தது. வார்டன் தலையை அசைத்தார், அவ்வளவுதான். கூப்பிட்டுப் பேசினாலும் ஃபைன். அப்பா பையை வாட்ச்மேனிடம் கொடுத்தார், மேலே பார்த்துக் கையால் ‘மாத்திரை சாப்பிட்டியா’ என்று சைகை செய்தார், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்தப் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

இறந்து பல வருடமான மனிதருக்காக இப்போது கோபப்பட்டு என்ன செய்ய? ஆனால் படத்தில் பெஞ்சைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது.

சரி, உங்கள் மகள். கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை போனால் சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் ஒரு குறுகிய படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்கே போய் முடிகிறது என்று எனக்கு எழுதுங்கள். தரைக்குக் கீழே ஓர் அறை பூட்டியிருக்கலாம். அவர்கள் ரகசியக் கூட்டம் போடுகிற இடம், உங்களுக்குத் திறக்க மாட்டார்கள். கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கனமான கம்பளி இரண்டு வாங்கிக் கொடுங்கள். மேல்கட்டிலில் காற்று நேராக அடிக்கும்.