செயலியில் புள்ளி கூடுகிறது, தாளில் கூடவில்லை

தரம் 6 ஆசிரியர் ஒருவர், பின்னக் கணக்குச் செயலியின் படங்களைப் போட்டு, டெப்பில் (டேப்லெட் கணினியில்) பிள்ளைகளின் புள்ளி கூடியும் எழுத்துத் தாளில் கூடவில்லையே, எதை நம்புவது என்று கேட்டிருந்தார். அவருக்கு என் பதில்: செயலி காட்டும் புள்ளியை வைத்து, பிள்ளைகளுக்குப் பின்னம் விளங்கிவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கொக்கட்டிச்சோலை தரம் 6 வகுப்பு டெப்பில் 90 எடுத்தும் தாளில் 40ஐத் தாண்டவில்லை என்றால், நம்ப வேண்டியது தாளைத்தான்.

பெரும்பாலும் காரணம் இதுதான். நீங்கள் போட்ட படங்களில் எல்லாமே பல்தேர்வு வினா. பிழையான விடையைத் தொட்டால் அது மறைந்துவிடுகிறது. மூன்றாவது தட்டலில் சரியான விடை வந்து, புள்ளியும் முழுதாக விழுகிறது. 1/2 + 1/3 = 2/5 என்று மேலையும் கீழையும் அப்படியே கூட்டுகிற பிள்ளைக்கு, அது ஏன் பிழை என்று கடைசிவரை தெரியாது.

சோதித்துப் பாருங்கள். நாலைந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் இருத்தி, "என்ன யோசிக்கிறாய் என்று சொல்லிச் சொல்லிச் செய்" என்று மட்டும் கேளுங்கள். உதவி செய்யவே கூடாது, ஆசிரியருக்கு அது கஷ்டம்தான். கணக்கை வாசிக்க முதலே விரல் போகிறதா, பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) சமப்படுத்துகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், முதல் தட்டலுக்கு மட்டும் புள்ளி கொடுக்கும்படி செயலி செய்தவரிடம் கேளுங்கள்.

அடுத்த தவணை சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி டெப்பில், மறு பாதி அதே கணக்குகளைக் கொப்பியில், அதே அளவு நேரம். இரண்டு கிழமை கழித்து எல்லோருக்கும் புதிய கணக்குகளோடு ஒரே தாள்.

ஆனால் 30 பிள்ளைகளில் சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வரும். டெப் புதிது என்ற உற்சாகமும் முதல் கிழமையில் இருக்கும். அந்த முதல் கிழமைப் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.