பால் கட்டி சீழ் வைத்தால் கத்திதானா?

கேள்வி: குழந்தைக்கு ஆறு வாரம். வலது மார்பில் பால் கட்டி, காய்ச்சல் வந்து, இப்போது சீழ் வைத்துவிட்டது. ஸ்கேனில் 3 செ.மீ. இருக்கிறது. கிழித்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். திருப்பூரில் நர்ஸாக இருக்கும் என் நங்கை, ஊசியிலேயே எடுக்கலாம் என்கிறார். எதைக் கேட்பது? - வாசகி, கோபி

உங்கள் நங்கை சொல்வதில் விஷயம் இருக்கிறது. மேல்தோல் நன்றாக இருந்தால், இந்த அளவுக் கட்டிக்கு நான் முதலில் ஊசியைத்தான் எடுப்பேன்.

மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே சற்றுத் தடித்த ஊசியைச் சீழ்க்குழிக்குள் விடுவோம். சீழ் சில சமயம் கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். சிரிஞ்சை இழுத்து இழுத்து எங்கள் விரல் வலிக்கும். சலைன் விட்டு, தெளிவாக வரும்வரை கழுவி எடுப்போம். திரையில் அந்தக் கருங்குழி சுருங்குவதை நீங்களே பார்க்கலாம். தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஒரே ஊசியோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி ஸ்கேன் பார்த்து, சீழ் ஊறியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். வலி விட்டதும் வராமல் இருந்து, பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்தேவிட்டது. முதல் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிதான். அதில் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ரகமும் உண்டு. ஆன்டிபயாடிக்கை 10 முதல் 14 நாள் வரை, சொன்னபடி முடியுங்கள்.

கட்டி 5 செ.மீ. தாண்டினால் சிறு குழாய் வைத்துச் சில நாள் வடியவிடலாம். தோல் பளபளவென்று மெலிந்தோ கறுத்தோ இருந்தால் கிழிப்பதுதான் சரி. அங்கே பிடிவாதம் வேண்டாம். உங்கள் டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

அப்புறம் பால். நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் இன்னும் கட்டிக்கொள்ளும். குழந்தையின் வாய் காயத்தில் படாத வரை அந்தப் பக்கமும் கொடுக்கலாம். “சத்தி மல்லியை வெச்சுக் கட்டு அம்மணி, பால் வத்தீரும்” என்பார்கள். பூவைத் தலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சுண்ணாம்புப் பத்தும் வேண்டாம், அழுத்தி உருவிவிடுவதும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும்.

எல்லாம் வடிந்த பிறகும் கட்டி தட்டுப்பட்டால் சதைப் பரிசோதனை அவசியம். காசநோயோ, அபூர்வமாகப் புற்றுநோயோ இப்படி ஒளிந்திருக்கும்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்; இன்று ராத்திரியே பெருந்துறை மெடிக்கல் காலேஜுக்கு வண்டி ஏறுங்கள்.