பழைய ஜீப்பில் கிளச் மிதித்தும் முதல் கியர் விழவில்லை: மாஸ்டரா, ஸ்லேவா?

நுவரெலியா வீதியின் றம்பொடை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கியர் கரகரத்து, பெடலை இரண்டு மூன்று தரம் அடித்தபின் விழுந்தால் கிளச்சின் ஒயில் லைனில் காற்று இருக்கிறது. காற்று சும்மா வராது. எங்கோ சீல் போயிருக்கும். பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் சிலிண்டர்தான் மாஸ்டர்; பெடலின் தள்ளுகோல் அதற்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரமென்றால் மாஸ்டர். பிறகு கியர்பொக்ஸ் பக்கம், அந்த ஒயிலின் அழுத்தத்தால் கிளச்சை விடுவிக்கும் சிலிண்டரான ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்குங்கள். கறுத்த ஒயில் சொட்டினால் ஸ்லேவ். இரண்டும் காய்ந்திருந்து, மிதித்துப் பிடித்த பெடல் மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டரின் உள் சீல் கசிகிறது. வெளியே ஒரு துளியும் தெரியாது, டப்பாவிலும் ஒயில் குறையாது. இதைக் கவனிக்காமல்தான் பலர் வீணாகக் கியர்பொக்ஸை இறக்குகிறார்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி இழுக்காவிட்டால் எல்லோரும் கிளச் பிளேட்டைத்தான் சொல்வார்கள். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். பெடலைத் தொடாமலே ஒயில் பீறிட்டு, பிறகு கிளச் பிடித்தால் பிளேட்டில் பிழையில்லை. மாஸ்டரின் தள்ளுகோல் இறுகி, ஒயில் திரும்பும் துளை மூடிக்கிடக்கிறது; கோலைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.

ஊற்றுவது டொட் 3 அல்லது 4 பிரேக் ஒயில். எஞ்சின் ஒயில் பட்டால் சீல்கள் ஊதிப்போகும்.