பெட்டியில பத்திரமா வச்ச சப்பாத்து ஏன் பொடியாகுது?

சுங்கை சிப்புட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, வீட்டுக்காரரோட செம்பனை தோட்டத்து வேலைக்குன்னு ரெண்டு ஜோடி சேஃப்டி சப்பாத்து வாங்கி, ஒண்ண போட வச்சிட்டு இன்னொன்ன பெட்டியோட எடுத்து வச்சாங்களாம், நாலு வருஷம் கழிச்சு அத போட்டுக்கிட்டு பெரட்டுக்கு, அதான் காலையில தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற இடத்துக்குப் போன அன்னைக்கே அடி கழண்டு வந்துருச்சு, இது போலி சாமானா, கம்மு போட்டு ஒட்டலாமான்னு.

போலியா இருக்கணும்னு இல்லக்கா, நல்ல சாமானுக்கும் இப்படி ஆகும். கழண்ட இடத்தப் பாருங்க, மேல தோல் நல்லா இருக்கும், நடுவுல மெத்துன்னு இருக்க வேண்டிய லேயர் மட்டும் விரல் பட்டாலே பழைய கேக்கு மாதிரி உதிரும். அது பாலியூரித்தேன் ஃபோம், கடையில பியூன்னு சொல்வாங்க. காத்துல இருக்குற ஈரம் உள்ள போயி அந்த ஃபோமோட கெமிக்கல் பிணைப்ப கொஞ்சம் கொஞ்சமா அறுத்துரும், இதுக்குப் பேரு ஹைட்ராலிசிஸ், சூடு இருந்தா இன்னும் வேகமா நடக்கும். நம்ம ஊர்ல காத்துல ஈரப்பதம் சுமாரா 80 சதவீதம், பகல்ல வெயில் வேற. போட்டாலும் போடாட்டியும் ஃபேக்டரியில செஞ்ச நாள்ல இருந்தே இது ஓடிக்கிட்டுதான் இருக்கும்.

கம்மு பிடிக்காது, பொடி மேல எது ஒட்டும்? சப்பாத்து தைக்கிறவர்கிட்ட அடி முழுசா மாத்தலாம், ஆனா வழுக்காதுன்னு டெஸ்ட் பண்ணது பழைய அடியத்தான், அதனால வேலைக்குப் போடுறதுன்னா புதுசே வாங்கிருங்க.

வாங்கும்போது சப்பாத்து மேலயே தயாரிச்ச தேதி போட்டிருக்கும், ஐஎஸ்ஓ 20345, அதான் சேஃப்டி சப்பாத்துக்கான உலகத் தரம், அதுல வர்ற சப்பாத்துன்னா கண்டிப்பா இருக்கணும், மலிவு விலைன்னு பழைய ஸ்டாக்க எடுக்காதீங்க. நடுவுல ஈவிஏ ஃபோம், அடியில ரப்பர்னு இருந்தா ரொம்ப நல்லது, ஈவிஏ இப்படி ஈரத்துல பொடியாகாது, ஆனா மிதிபட்டு மிதிபட்டு அமுங்கிப் போயிரும், வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டா சுருங்கவும் செய்யும். அந்தக் காலத்துல பால்மரம் வெட்டுனவங்க போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் அடிடாஸ் கம்போங், அதுக்கு இந்தத் தொல்லையே இல்ல, முழுக்க ரப்பர், உள்ள ஃபோமே கெடையாது, ஆனா குதிகாலுக்கு மெத்தையும் இல்ல, விரல காக்குற இரும்பும் இல்ல.

இனிமே ரெண்டு ஜோடி வாங்குனா மாத்தி மாத்தி போடச் சொல்லுங்க, ஈரமானா உள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு நிழல்ல காய வைங்க, பிளாஸ்டிக் பையில கட்டி வைக்கவே வேணாம். வீட்டுல வேற பழைய ஜோடி கெடந்தா போடுறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல கட்டை விரலால அழுத்தி, அப்புறம் முன்பக்கத்த வளைச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தாலோ மெல்லிசா வெடிப்பு தெரிஞ்சாலோ தூக்கிப் போட்டுருங்கக்கா, மேட்டுல குலை தூக்கிட்டு எறங்கும்போது அடி கழண்டா கால் போயிரும்.